பாப்பாரப்பட்டி பக்கம் ஓர் அணு உலைச் சண்டை

ஒகேனக்கல்லுக்குப் போகிறோம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். ஆவணி மாதம், காவிரியில் தண்ணீர் நிறைய வருகிறது, ஓய்வு பெற்ற இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. பொய்யும் இல்லை, மறுநாள் போகத்தான் செய்தோம். ஆனால் கிளம்பியதற்கு உண்மையான காரணம் வேறு. எங்கள் மகள் கயல் ஓசூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் சக்திவேலைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். பையனின் பெற்றோர் ஆனி மாதமே ஓசூருக்குப் போய் அவளைப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லியாயிற்று. இனி நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். வீடு பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பெயரை எழுதக்கூடாது என்பது மகளின் உத்தரவு.

ஏன் இந்த ரகசியம் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடம் கடலோரத்தில் ஓர் அணுமின் நிலையத்தில் எலெக்ட்ரிகல் பராமரிப்பில் இருந்தவர். நான் அந்தக் குடியிருப்புப் பள்ளியில் கணக்கு டீச்சர். கயல் பிறந்தது, படித்தது எல்லாம் அங்கேதான். இரண்டு வருடம் முன்பு அவளுக்கு ஒரு வரன் ஏறக்குறைய முடிந்தது. தேதி குறிக்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், “உலைக்குப் பக்கத்துல பொறந்த பொண்ணு, நாளைக்குக் குழந்தை குட்டி நல்லபடியா பொறக்குமா?” என்று கேட்டார். அதோடு அது முறிந்தது. அடுத்த அறையில் இருந்த மகளுக்கும் எல்லாம் கேட்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அதனால் இந்த முறை முடிவாகும் வரை ஒருவருக்கும் மூச்சுக் காட்டக் கூடாது என்று தீர்மானித்தோம்.

நாங்கள் பூர்வீகமாகச் சேலம். ஓய்வுக்குப் பிறகு சேலத்துக்கே திரும்பிவிட்டோம். வெள்ளிக்கிழமை காலை 7.10க்குப் புதிய பஸ் நிலையத்தில் தர்மபுரி பஸ். ஆளுக்கு 52 ரூபாய். தொப்பூர் கணவாயில் லாரிகள் வரிசையாக ஊர்ந்ததால் 65 கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பஸ்ஸில் இவர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். “பார்ப்போம், பேசுவோம், காபி குடிப்போம். சாப்பிட மாட்டேன்.”

தெரியாதவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கம் சம்பந்தம் பேச வீடு பார்க்கப் போனால் காபி குடிக்கலாம், மிக்சர் கொறிக்கலாம், அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஆனால் சாப்பாட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று கணக்கு. இன்னும் யோசிக்க வேண்டும் என்றால், “இன்னொரு நாளைக்கு வந்து சாப்புடறோங்க” என்று மரியாதையாக எழுந்துவிட வேண்டும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிடும். அவர்கள் வாயிலிருந்தும் அந்தப் பழைய கேள்வி வருமா என்று பார்க்காமல் இவர் கை நனைக்கத் தயாராக இல்லை. எனக்கோ பையனின் போட்டோவைப் பார்த்த அன்றே மனசு சாப்பிட்டு முடித்துவிட்டது.

தர்மபுரி பஸ் நிலையத்துக்கு வெளியே இட்லி, வடை, காபி, இரண்டு பேருக்கும் சேர்த்து 110 ரூபாய். சட்னி சுமார். 9.25க்குப் பாப்பாரப்பட்டி டவுன் பஸ். எனக்கு இலவசம், இவருக்கு 15 ரூபாய். ஒவ்வொரு தடவையும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்க்கும் பார்வைக்காகவே நான் டவுன் பஸ்ஸில் ஏறுவேன். ஜன்னல் ஓரம் கேழ்வரகுக் காடும், நிலக்கடலையும், நடுநடுவே புளிய மரமும். வானம் மூட்டமாக இருந்தது. 10.15க்கு இறங்கி, கடைத்தெருவில் ஆப்பிள், வாழைப்பழம், பூ, வெற்றிலை பாக்கு வாங்கினோம், 380 ரூபாய். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு ஆட்டோ 120 ரூபாய், பேரம் பேசவில்லை.

“மாதப்பன் வூட்டுக்குங்களா?” என்றார் ஆட்டோக்காரர். “சோலார்காரர் வூடு. போனதும் கரண்ட்டுப் பேச்சு மட்டும் எடுத்துடாதீங்க. ஒரு வாட்டி மீட்டர் பாக்க வந்தவரைப் புடிச்சு உக்கார வெச்சு ரெண்டு மணி நேரம் பேசியிருக்காரு.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் வெளியே பார்த்தார். சத்தியமாக அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று முந்தின நாள்தான் என் கையில் அடித்திருந்தார்.

வீடு காட்டுக்கு நடுவில் இருந்தது. ஓட்டு வீட்டை ஒட்டிப் புதிதாகக் கட்டிய இரண்டு கான்கிரீட் அறைகள். மொட்டை மாடியில் நாலு சோலார் பலகைகள், கிணற்று மேட்டில் மோட்டாருக்குத் தனியாக ஒரு வரிசை. வாசலில் இறங்கியதும் அதெல்லாம் கண்ணில் படவில்லை. வீட்டுக்குப் பின்னால், கேழ்வரகுக் காட்டின் நடுவில் நாலு கால் ஊன்றி நின்ற மின்கோபுரம்தான் முதலில் பட்டது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். கம்பிகளுக்குக் கீழே ஒரே நேர்கோட்டில் ஏழு புளிய மரங்களின் அடிக்கட்டைகள். கணக்கு டீச்சர் இல்லையா, தானாக எண்ணிவிட்டேன்.

மாதப்பனுக்கு அறுபது வயது இருக்கும். ஒல்லி, நல்ல உயரம், சட்டைப் பையில் டெஸ்டர். பேனா வைக்கிற இடத்தில் டெஸ்டர் வைத்திருக்கிற இன்னொரு மனிதரை நான் என் வீட்டிலேயே முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் மனைவி பழனியம்மாள் என் இரண்டு கையையும் பிடித்து, “வாங்க்கா, வாங்கண்ணா, பஸ்ல கூட்டமாங்க?” என்று உள்ளே அழைத்துப் போனார். சமையலறையிலிருந்து பருப்பு வாசனையும் நெய் வாசனையும் வந்தது. எங்களுக்காகச் சமையல் நடக்கிறது. எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

காபி வந்தது. முதல் பத்து நிமிடம் மழை, விலைவாசி, பிள்ளைகளின் வேலை. பிறகு மாதப்பன் எழுந்து போய் மெயின் பெட்டியைத் திறந்து அதற்குள் கழற்றிப் போட்டிருந்த ப்யூஸ் கேரியரை எடுத்துக்கொண்டு வந்து, நாங்கள் வைத்த வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“பாருங்க சார். ஈபி லைனே இல்ல. ஃபேன் ஓடுதுங்களா? லைட்டு எரியுதுங்களா? எல்லாம் மேல இருக்குற சூரியன். சார் அணுமின் நிலையத்துல இருந்தவர்னு சக்தி சொன்னான். அதான் காட்டணும்னு ஆசை.”

குழந்தை தன் பொம்மையைக் காட்டுகிற மாதிரி இருந்தது அவர் முகம். என்னவர் மட்டும் “நல்லா இருக்குங்க” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

“நல்லா இருக்குங்க,” என்றார். “ஆனா சூரியன் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவார். ஆஸ்பத்திரி போகாதுங்களே.”

சத்தியம் சரியாக இருபத்தைந்து நிமிடம் தாங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாக எழுத முடியாது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நினைவில் இருப்பதைச் சொல்கிறேன். ராத்திரியும் பகலும் ஒரே சீராக மின்சாரம் வேண்டுமென்றால் நிலக்கரியை மலை மலையாக எரிக்க வேண்டும் அல்லது அணுவைப் பிளக்க வேண்டும், வளர்கிற நாட்டுக்கு மூன்றாவது வழி இன்னும் கைக்கு வரவில்லை என்றார் இவர். “சரிங்க, யுரேனியம் எங்கிருந்து வருது? நம்ம ஊருது போதாம வெளிநாட்ல இருந்தும்தானே வாங்குறோம்? அவன் தர மாட்டேன்னா அன்னிக்கு என்னங்க பண்ணுவீங்க? இதுக்குப் பேரு சொந்தக் காலுங்களா?” என்றார் மாதப்பன். இவர் எழுந்து மாடிக்குப் போய், ஒரு பலகையின் முதுகில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்துவிட்டு இறங்கி வந்தார். “உங்க சூரியனும் கப்பல்லதாங்க வந்திருக்கு.”

மாதப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. “ஒருக்கா வாங்கினா இருவது வருசத்துக்கு அவன்கிட்ட கையேந்த வேணாமே சார். உங்களுது வருசா வருசம் வாங்கணுமே.” எனக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது. அணுக் கழிவை எங்கே போடுவீர்கள் என்று மாதப்பன் கேட்டார். “எங்க வெச்சிருக்கோம்னு கிராம் கணக்குல தெரியும். நிலக்கரிச் சாம்பல் யார் மூக்குல போகுதுன்னு யாருக்காச்சும் கணக்கு இருக்கா?” என்றார் இவர். பழனியம்மாள் முறுக்குத் தட்டை இருவருக்கும் நடுவில் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். வீட்டுக்கு வீடு இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதுவரை எனக்குச் சந்தோஷம்தான்.

கோபுரம் பேச்சில் வந்த பிறகுதான் சுருதி மாறியது. மாதப்பன் பின்வாசல் கதவைத் திறந்து காட்டினார்.

“அது வந்தப்ப என்னை ஒரு வார்த்தை கேக்கலீங்க. நோட்டீஸ் ஒட்டுனாங்க, மரத்த வெட்டுனாங்க, காலை ஊனிட்டுப் போயிட்டாங்க. எங்கப்பா வெச்ச புளிய மரம் ஏழு. எங்கியோ செய்யிற கரண்ட்டு, எங்கியோ போவுது. என் தலைக்கு மேலதான் போவுது, என் வூட்டுக்கு வரல. அன்னிக்குத்தான் ப்யூஸைப் புடுங்குனேன். நீங்க பெரிய உலையா வெச்சா பெரிய லைனாத்தானே இழுக்கணும்? அது எவன் காட்டு மேலங்க?”

“லைன் இழுக்காம எப்படிங்க நாட்டுக்குக் கரண்ட் குடுக்கறது?” என்றார் இவர். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“குடுங்க. குடுக்கறவங்க உலைகிட்ட குடியிருக்கறதைப் பாத்திருக்கீங்களா? உலை நல்லதுன்னு சொல்றவங்க யாராச்சும் உலைக்குப் பக்கத்துல புள்ளகுட்டியோட வூடு கட்டி இருப்பாங்களா சார்?”

“நாங்க இருந்தோம்,” என்றார் இவர். “என் பொண்ணு அங்கதான் பொறந்தா.”

மாதப்பன் வாயைத் திறந்து திறந்து மூடினார். கயல் அங்கே பிறந்தது அவருக்குத் தெரியாது. அவர் கேட்டது ஊர் உலகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி. ஆனால் இவருக்கு அது எந்தக் கேள்வியாகக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். இவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அடுத்து “இன்னொரு நாளைக்கு” என்கிற வார்த்தை வரப்போகிறது. கயலின் முகம் என் கண்ணுக்குள் வந்து நின்றது. எனக்கு இந்த மனிதர்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விடலாம் போல ஆத்திரமாக வந்தது.

அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் மிக்சி நின்றது. ஃபேனும் நின்றது. எங்கோ பின்னால் இன்வெர்ட்டர் கீங், கீங் என்று அழ ஆரம்பித்தது.

“மூட்டம் போட்டிருக்குதில்லீங்க, அதான்,” என்றார் மாதப்பன், ஏதோ தானே வானத்தை மூடியது போல.

“மூட்டம் இல்லைங்க,” என்றார் இவர். கோபம் போகவில்லை, ஆனால் தலை சத்தம் வந்த பக்கம் திரும்பிவிட்டது. “இந்தச் சத்தம் லூஸ் கனெக்‌ஷன். பேட்டரி எங்க இருக்கு?”

வந்த வழியில் கிளம்ப வேண்டிய மனிதர் பின்பக்க மோட்டார் ரூமுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். நாலு பேட்டரிகள். ஒன்றின் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் பிடித்த மாதிரி உப்புப் பூத்திருந்தது. இவர் அதைப் பார்த்த பார்வை, அழுக்கு முகத்தோடு பள்ளிக்கு வந்த பையனை நான் பார்க்கிற பார்வை. “இவ்வளவு வக்கணையா பேசறீங்க, டெர்மினலைத் துடைக்க மாட்டீங்களா? தண்ணி ஊத்தி எத்தனை மாசம் ஆச்சு? வெந்நீர் கொண்டாங்க. ஆப்பச் சோடா இருக்கா?” மாதப்பன் ஓடினார். வெந்நீர் வந்தது, சோடா வந்தது, பழைய டூத் பிரஷ் வந்தது. நுரைத்துப் பொங்கியதைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, நட்டை முறுக்கினார். மாதப்பன் டார்ச் அடித்தார். இரண்டு டெஸ்டர்களும் மாறி மாறி நுழைந்தன. இதற்கு நடுவில் மெதுவாகச் சண்டை மறுபடி துளிர்த்தது. இந்தத் தடவை குரல் தாழ்ந்திருந்தது.

“அப்ப தோரியம்னு சொல்றாங்களே சார், நம்ம கடலோர மணல்லயே இருக்குதாம். அது வந்தா யார்கிட்டயும் கையேந்த வேணாமாம். அது எப்பங்க வரும்?”

“வரும்ங்க. நம்ம அணுத் திட்டத்துல அது மூணாவது கட்டம். ஆராய்ச்சி நடக்குது.”

“நீங்க வேலைக்குச் சேந்தப்பவும் ‘வரும்’னுதானே சொன்னாங்க?”

இவர் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாக. “ஆமாங்க. அப்பவும் வரும்னுதான் சொன்னாங்க.”

வேலை முடிந்தபோது மணி ஒன்று. “ஆசிட் கை, சோப்புப் போட்டு ரெண்டு வாட்டி கழுவுங்க,” என்று இவர் அதட்ட, இரண்டு பேரும் தொட்டியில் கழுவிவிட்டு மோட்டார் ரூம் வாசலில் கிடந்த சிமெண்ட் திண்டில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்குள்ளே மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. மாதப்பன் பெருமையாக, “பாத்தீங்களா, சூரியன்!” என்றார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த ப்யூஸைக் காணோம். பழனியம்மாள் அதை எப்போதோ எடுத்துப் பெட்டியில் மாட்டியிருந்தார். “இவங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிற வரைக்கும் சட்னி காத்துக்கிட்டு இருக்குமாக்கா?” என்றார் என்னிடம், மெதுவாக. “சக்தி பன்னெண்டாவது படிச்சப்ப தினம் எத்தினி மணி நேரம் கரண்ட்டு இல்லாம சிம்னி வெளக்குல படிச்சான் தெரியுமா? எனக்கு எதுல இருந்து வந்தாலும் சரி, வரணும்.”

மாதப்பனுக்குச் சர்க்கரை. ஒரு மணிக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். அதனால் பழனியம்மாள் அவருக்கு மட்டும் தினம் போல ஒரு தட்டில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் எடுத்துப் போய்த் திண்டில் வைத்துவிட்டு வந்தார். எங்களுக்கான சோறு, பருப்பு, வடை, பாயசம் எல்லாம் உள்ளே மூடி வைத்திருந்தது. எங்களைக் கேட்கத் தயங்கினார், பாவம். அந்தத் தயக்கம் எனக்கு வலித்தது.

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். தட்டு இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. இவர் கடலோர நிலையத்தில் ஒரு புயல் ராத்திரி எப்படி டீசல் ஜெனரேட்டரைக் காத்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதையை நான் நாற்பது தடவை கேட்டிருக்கிறேன். அலை உயரத்தைக் காட்ட இடது கையைத் தூக்கினார். வலது கை சும்மா இருக்கவில்லை. தட்டிலிருந்த களியில் ஒரு விள்ளல் கிள்ளி, கட்டை விரலால் குழி செய்து, கடைசலில் தோய்த்து, வாயில் போட்டது. மனிதருக்குக் காலை ஒன்பது மணிக்குச் சாப்பிட்ட இரண்டு இட்லிதான். கை அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது. கதை நிற்கவில்லை.

பக்கத்தில் பழனியம்மாள் என் முழங்கையைப் பிடித்தார்.

மாதப்பனும் பார்த்துவிட்டார். அவர் செய்ததை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். தட்டைப் பார்க்கவே இல்லை. “அப்பறம் என்னாச்சுங்க?” என்றார். இவர் சொன்னார், இன்னொரு விள்ளல். “டீசல் தீந்திருந்தா?” இவர் விளக்கினார், இன்னொன்று. “அப்ப உலைய நிறுத்தினாலும் சூடு அடங்காதுங்களா? ஏனுங்க அப்படி?” இதற்குப் பதில் நீளம் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கள்ளனுக்கும் தெரிந்திருக்கிறது. கேள்வி மேல் கேள்வியாகப் போட்டு, சர்க்கரைக்காரர் தன் பசியை அடக்கிக்கொண்டு, தன் தட்டிலிருந்து இவரை ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்துக்கொண்டிருந்தார்.

முக்கால் உருண்டை போன பிறகுதான் இவர் குனிந்து பார்த்தார். கடைசல் ஒட்டிய தன் விரல்களைப் பார்த்தார். மாதப்பனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன், இது கணக்கில் சேராது என்று சொல்லலாம். சொன்னால் அவர்களும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இவர் கையைக் கழுவ எழவில்லை. விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார். “ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். பொண்ணு உலைக்குப் பக்கத்துல பொறந்து வளர்ந்தவ. பின்னால யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லுவாங்க. உங்களுக்கு மனசுல ஒண்ணும் இல்லையா?”

மாதப்பன் உடனே சொல்லிவிட்டார், யோசிக்கக்கூட இல்லை. “எனக்கு உலையோடதாங்க சண்டை. புள்ளையோட என்னங்க சண்டை?”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தட்டைப் பழனியம்மாள் பக்கம் நீட்டி, “கடைசல் இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா. சம்மந்திக்கும் ஒரு தட்டு கொண்டாங்க, அவருக்குக் கை நடுங்குது,” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. பழனியம்மாள் ஓடினார். அதற்குப் பிறகு உள்ளே இலை போட்டுப் பாயசத்தோடு ஒரு முழுச் சாப்பாடும் நடந்தது. சண்டையும் நடந்தது. ஆனால் இப்போது “சம்மந்தி” என்று போட்டுத்தான் திட்டிக்கொண்டார்கள்.

மாலை 4 மணிக்குச் சம்மந்தியே பைக்கில் ஒருவர் பின் ஒருவராக எங்களை மெயின் ரோட்டில் கொண்டு விட்டார். அங்கிருந்து பென்னாகரம் பஸ், முக்கால் மணி நேரம். வழியெல்லாம் இவர் ஜன்னல் வழியாகக் கோபுர வரிசையையே பார்த்துக்கொண்டு வந்தார். “முப்பத்தொரு வருஷம் கரண்ட்டை அனுப்பிச்சேன்,” என்றார். “கேட்டைத் தாண்டினதும் அது யார் காட்டு மேல போகுதுன்னு ஒரு நாள் யோசிச்சதில்லை.” அணுமின்சாரம் வேண்டாம் என்று அவர் மாறிவிடவில்லை, மாறவும் மாட்டார். எனக்குமே, இத்தனை பெரிய நாடு ஒன்றை மட்டும் நம்பி நடக்க முடியும் என்று தோன்றவில்லை. ஆனால் எந்த வழியானாலும், யார் மரம் விழப்போகிறதோ அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்கிற நாடாக இருக்க வேண்டும். அன்றைக்குக் கோபுரம் நட வந்தவர்களில் ஒருவராவது அந்த வீட்டில் ஒரு டம்ளர் காபி குடித்திருந்தால் மாதப்பன் ப்யூஸைப் பிடுங்கியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பென்னாகரத்தில் சாதாரண லாட்ஜ், இரண்டு பேருக்கு 900 ரூபாய், சுத்தம். அங்கிருந்து ஒகேனக்கல் 16 கிலோமீட்டர், காட்டு வழி. காலை 6.30 பஸ்ஸில் போனால் குரங்குகளுக்கு முன்னால் போய்ச் சேரலாம். தண்ணீர் அதிகம் என்று அன்று பரிசலை நிறுத்தியிருந்தார்கள். அதனால் ஆவணியில் போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தொங்கு பாலத்தில் நின்று பார்ப்பதற்கே அருவி போதும். மீன் வறுவல் வாங்கும்போது எடை போடுவதற்கு முன்பே விலை கேளுங்கள், நான் கேட்காமல் மாட்டினேன், 450 ரூபாய். ருசி, அதைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். தர்மபுரியிலிருந்து நேராக ஒகேனக்கல் 46 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. வீடு பார்க்கப் போகிறவர்கள், காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்தாமல் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அல்லது எங்களைப் போலப் பட்டினியாகப் போங்கள், உங்கள் விருப்பம்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மாதப்பன் ஊரில் சிக்னல் கிடையாது. பென்னாகரம் பஸ் நிலையத்தில் இறங்கியதும்தான் போனுக்கு உயிர் வந்தது. கயலிடமிருந்து பதினோரு தவறிய அழைப்புகள். நான் எடுப்பதற்குள் மறுபடி அடித்தது. இவர் என் கையிலிருந்து வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, சண்டை போட்டீங்களா?”

“போட்டேன்.”

அவள் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது.

“சாப்பிட்டேன்மா,” என்றார் இவர்.

அவள் அழுவது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. இவர் போனை என்னிடம் நீட்டிவிட்டு, எதிரே நின்ற பஸ்ஸின் போர்டைப் படிப்பது போலத் திரும்பி நின்றுகொண்டார்.